ஓடுகிற மெஷினில் லைப்ரரி மாற்றுவது

கம்பைலர் இருக்கிறதா என்று கேட்டது. இருக்கிறது. இருந்தால் மட்டும் போதுமா, வேலை செய்கிறதா? அதையும் வாய்ச்சொல்லில் நம்பிவிடாமல், தானே குட்டியாக ஒரு நிரல் எழுதி, அதைக் கம்பைலரிடம் கொடுத்து, வெளியே வந்ததை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் ‘சரி’ என்று ஒரு வரி போட்டது. அடடா, இவனல்லவா நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டார் லேபின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற மாசானம். சி லைப்ரரியைக் கட்டுவதற்கு முன்னால் ஓடுகிற இந்தச் சோதனை நிரல், லேப் ரிப்போர்ட்டெல்லாம் அடிக்கிற சர்வர் மெஷினைப் பிடித்துவைத்து நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும், ஒரு பதிலையும் சும்மா ஏற்காது. கட்டுகிற வேலைக்கு மேக் என்கிற கருவி இருக்கிறதா, எந்தக் காலத்து மேக்; பைத்தான் மொழி இருக்கிறதா, ரொம்பக் கிழடா. பாளையங்கோட்டையில் இந்த ரத்தப் பரிசோதனை லேபில் ஒருத்தரை ஒருத்தர் இப்படிக் கேட்டுவிட முடியுமா? கேட்டால் மாசானத்துக்கு மண்டை கோளாறு என்பார்கள். என்கிறார்களே, ஏற்கெனவே. ரிசப்ஷன் கனகா போனில் யாரிடமோ சொன்னதைக் காதால் கேட்டாயிற்று. கேட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஏ.சி.யிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றுகிற மெஷின் ஊளையிட்டு ஓய்ந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா தலையைக் குனிந்து என்னமோ தட்டிக்கொண்டிருந்தாள். என்ன தட்டுகிறாள்? பகல் பன்னிரண்டு மணிக்கு, ஸ்டாக் கணக்கை நேற்றே முடித்துவிட்டவளுக்குத் தட்டுவதற்கு என்ன இருக்கிறது?

சி லைப்ரரி என்றால் என்ன என்று வீட்டில் பூரணம் ஒருநாள் கேட்டாள். அவளுக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னார்: தெருவுக்கே ஒரு குழாய்தான் இருக்குன்னு வச்சுக்கோ, எல்லாரும் அதுலதான் தண்ணி பிடிக்கணும். மெஷினுக்குள்ள எந்தக் கட்டளை போட்டாலும், கோப்பைக் காட்டுன்னாலும் சரி, நகலெடுன்னாலும் சரி, ரிப்போர்ட் அடின்னாலும் சரி, எல்லாம் அந்த லைப்ரரிகிட்ட போய்த்தான் நிக்கும். பூரணம் வெங்காயத்தை அரிந்தபடியே, “அப்ப அதை ஏன் போட்டு நோண்டுதீய? குழாய் பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது” என்றாள். நல்ல கேள்விதான். கேட்கத் தெரிந்தவள். ஆனால் இந்தக் கேள்வி இவளுக்கு எப்படித் தோன்றியது, இவள் தங்கச்சி மகன் யாராவது சொல்லிக்கொடுத்தானா என்று அன்றைக்கு ராத்திரி பூராவும் ஓடியது. “உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்” என்பாள். கல்யாணம் ஆன புதிதில் சிரித்துக்கொண்டு சொன்னாள். இப்போது சிரிக்காமல் சொல்லுகிறாள். என்ன செய்ய, ரத்தத்தில் வந்தது. அப்பா பஸ் கண்டக்டர். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போவார், அங்கே நின்று யோசிப்பார், திரும்பி வந்து பூட்டைப் பிடித்துத் தொங்குவார். மறுபடி தெருமுனை, மறுபடி பூட்டு. அம்மா மஞ்சப்பையோடு தெருவில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்து பந்தியே எழுந்திருக்கும், இவர்கள் போய்ச் சேரும்போது. ஆனால் ஒன்று, அந்த வீட்டில் ஒரு நாளும் திருட்டுப் போனதில்லை. அதை யாராவது சொல்லுகிறார்களா?

சோதனை நிரல் முடிந்து, மெஷின் சுத்தமாக ஒரு வரியில் நின்றது. இனிக் கட்டலாம். மாசானம் விரலைச் சொடுக்கிவிட்டுக் கட்டளையைத் தட்டினார். திரை முழுக்க எறும்புச்சாரி கிளம்பியது. ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பு; கம்பைலர் ஒவ்வொன்றாக எடுத்து மென்று துப்பிக்கொண்டே போயிற்று. மெஷினின் மின்விசிறி குரலை உயர்த்தியது. இது முடிய நேரமாகும். இந்த நேரந்தான் ஆபத்து, கைக்கு வேலை இல்லாத நேரம், மனசு கிடந்து பேயாய் அலையும். டாக்டர் கோமதிநாயகம் முந்தாநாள் கூப்பிட்டு உட்காரவைத்ததை நினைத்துக்கொண்டார். லேபுக்குச் சொந்தக்காரர், உட்காரச் சொல்லி ஒருநாளும் பழக்கம் இல்லாதவர். புதிதாக வாங்கின ரத்த அணு எண்ணுகிற கருவியின் நிரல், உங்கள் மெஷினில் இருக்கிற லைப்ரரி பழசு, இதோடு எனக்குப் பேச்சில்லை என்று முறைத்துக்கொண்டு நிற்கிறது. கருவி விற்ற கம்பெனியின் எஞ்சினியர் நிவேதன், சின்னப் பயல், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, “புது லைப்ரரி போட்டாத்தான் சார் ஓடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்போதுதான் இந்த ஜெசிந்தா வாயைத் திறந்தாள். “ஓடுற மெஷின்ல கைய வைக்க வேண்டாம் டாக்டர். வேற ஒண்ணு வாங்கி அதுல போட்டிரலாம்.” தூத்துக்குடி கிளையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுப் போன மாசம்தான் இங்கே மாற்றலாகி வந்தவள். வந்து இன்னும் நாற்காலி சூடாகவில்லை, அதற்குள் யோசனை! மாசானத்துக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “எதுக்கு டாக்டர்? நிறுத்தாமலே மாத்திருவேன். ஒரு ரிப்போர்ட் நிக்காது” என்று அவர் வாய் சொல்லிவிட்டது. டாக்டர் சிரித்தார். “சந்தோஷம் மாசானம். நின்னுச்சுன்னா சர்வர் ரூம் சாவிய ஜெசிந்தா கையில குடுத்துட்டு நீங்க சமாதானபுரம் கலெக்‌ஷன் சென்டருக்குப் போயிருங்க.” விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் டாக்டர் விளையாட்டாகச் சொல்லி நடக்காமல் போனது எது? சாவி இப்போது சட்டைப்பைக்குள் நெஞ்சில் உறுத்தியது. தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருக்கிறது.

சமாதானபுரம் கலெக்‌ஷன் சென்டர் என்றால் ரத்தம் எடுக்கிற இடம். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. ஊசியைக் கண்டு அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கலாம், டோக்கன் கூப்பிடலாம். இந்த மெஷினை அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்து முதல் ஸ்குரூவை முடுக்கியதே இவர்தான். அதன் மூச்சு மாறினால் அடுத்த அறையிலிருந்தே தெரியும். அதைத் தூக்கி இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு மிட்டாய் கொடுக்கப் போவதா? சரி, புது மெஷின் வாங்கலாம் என்று அவள் சொன்னது எதற்கு? புது மெஷின் வந்தால் புது ஆள். அது அவள். கணக்கு நேராக இருக்கிறதே! இல்லை, அப்படியும் இல்லையோ. வீட்டுக்காரருக்கு இங்கே மின்வாரியத்தில் மாற்றல், அதனால்தான் வந்தேன் என்றாள். மின்வாரியத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரிக்க ஆளும் இருக்கிறது. கதவு திறந்தது. ஜெசிந்தாதான், கையில் ஒரு சில்வர் தட்டோடு.

“அண்ணாச்சி, சாப்பிடலியா?”

“ஆச்சு.”

“பொய் சொல்லாதீய. டப்பா அங்கனயே இருக்கு. தக்காளிச் சோறு, கொஞ்சமா வச்சிருக்கேன். கட்டி முடிய நேரமாகும்லா, அதுக்குள்ள சாப்பிடுங்க.”

“இங்க சாப்பாடு கொண்டு வரக் கூடாது மேடம். எறும்பு வரும்.”

அவள் பார்வை அவர் முகத்துக்கு வந்து, அப்புறம் திரைக்குப் போயிற்று. “அண்ணாச்சி, போடுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை…” என்று இழுத்தாள். “எல்லாம் எனக்குத் தெரியும் மேடம்” என்றார் மாசானம். அவள் தட்டோடு திரும்பிப் போய்விட்டாள். போனதும் தக்காளிச் சோற்று வாசனை மட்டும் அறைக்குள் நின்றது, வயிறு கபகபவென்று எரிந்தது. கட்டி முடிய நேரமாகும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அங்கேயிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாளோ? திரையை ஏன் அப்படிப் பார்த்தாள்? சோறு எதற்கு? ஒரு மாசமாக வராத சோறு இன்றைக்கு எதற்கு வருகிறது? கையில் எண்ணெய், எண்ணெய்க் கையைக் கழுவ எழுந்து போகவேண்டும், போன நேரத்தில்… சே, என்ன புத்தி இது என்று தன்னையே ஒருதரம் திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டாலும் எழுந்து போகவில்லை.

கட்டி முடிந்தது. அடுத்தது பரீட்சை: புது லைப்ரரியை நிஜமாகப் பொருத்துவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்க்கவேண்டும். தேறியது, தேறியது, தேறியது என்று வந்துகொண்டே இருந்தது. திடீரென்று ஒன்று தவறியது. இந்தச் சோதனை பல மெஷின்களில் தவறும், பயப்பட ஒன்றுமில்லை என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கையேட்டை எழுதினவன் இங்கேயா வந்து உட்காரப் போகிறான்? மறுபடி அதை மட்டும் தனியாக ஓட்டினார். இந்தத் தடவை தேறியது. அது இன்னும் மோசம். தவறுகிறது என்றால் தவறவேண்டும், தேறுகிறது என்றால் தேறவேண்டும். ஒரு தடவை அப்படி, ஒரு தடவை இப்படி என்றால் நடுவில் யாரோ கையை வைக்கிறார்கள். மெஷினுக்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்கலாமே. பட்டியலைக் கேட்டார். ரூட் என்று ஒரு வரி, அது இவர். மெஷினில் எதையும் ஆக்கவும் அழிக்கவும் அதிகாரம் உள்ள பெயர் அது. அதற்குக் கீழே இன்னொரு ரூட். வந்த இடம், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து மேசை.

கண்ணாடி வழியாகப் பார்த்தார். நாற்காலி காலி. டாக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது, அதன் வாசலில் அவளுடைய பச்சைச் செருப்பு. அதுதானே பார்த்தேன்! உள்ளே என்ன பேசுகிறார்கள்? ஆத்திர அவசரத்துக்கு என்று டாக்டர்தான் அவளுக்கும் ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்கச் சொன்னார். ஆத்திரமும் இல்லை, அவசரமும் இல்லை, இன்றைக்கு எதற்கு உள்ளே வந்தாள்? அந்த நுழைவில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் ‘ஜெசி’. கோப்பு இருக்கிற இடம் ரூட்டின் சொந்த அறை. வைத்தது நேற்று. என் வீட்டுக்குள்ளேயே வந்து உன் பெயர்ப்பலகையை மாட்டுவாயா! இவ்வளவூண்டு பெயருக்கு இவ்வளவு பெரிய வயிறு, அதற்குள் என்ன வைத்திருக்கிறாய்? இது எந்த மாதிரிக் கோப்பு என்று மெஷினையே கேட்டார். எந்த லைப்ரரியையும் எதிர்பார்க்காத நிரல், தேவையானதையெல்லாம் தனக்குள்ளேயே வைத்துக் கட்டியது என்று பதில் வந்தது. மாசானம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஊடுருவ வருகிறவன்தான் இப்படிக் கட்டிக்கொண்டு வருவான். போகிற இடத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று தெரியாது, அதனால் சட்டி பானை முதல் எல்லாம் மூட்டையில். நாளைக்கு நான் லைப்ரரியை மாற்றினாலும், பாஸ்வேர்டையே மாற்றினாலும், இது அசையாமல் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருந்தபடி மெஷினை ஒரு தட்டு தட்டும். மெஷின் விழும். சாவி கை மாறும். ஜோரான ஏற்பாடு. கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா? கேட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் வேறொன்று வைப்பாள், அது என் கண்ணில் படாது. கேட்கக் கூடாது. சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, வந்து உட்காரும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும். அந்த முகம் போதும் எனக்கு, டாக்டரிடம் சொல்ல.

ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அவளுடைய நுழைவு அறுந்தது. பிறகு கோப்பை அழிக்கச் சொன்னார். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று மெஷின் கேட்டது. ஆமாம். உடம்பில் இருந்து என்னமோ இறங்கின மாதிரி இருந்தது, நாக்கில் கொஞ்சம் இனிப்புக்கூடத் தட்டியது. இனி யாரும் இல்லை, நானும் மெஷினும்தான். இதே சூட்டோடு பொருத்திவிடவேண்டும், அவள் வெளியே வருவதற்குள். பொருத்துகிற கட்டளையைத் தட்டினார். எந்த இடத்தில் போய் இறங்கும், பாதை சரியா என்று ஒருமுறை பார்த்திருக்கவேண்டும். எப்போதும் பார்க்கிற மனுஷன். ஆனால் கண் டாக்டர் அறைக் கதவிலேயே இருந்தது. வரிகள் ஓடின, ஓடின, நடுவிலே தடுக்கின மாதிரி நின்றன. ஒரு பிழை. சரி, என்ன கோப்பு என்று பார்ப்போம் என்று பட்டியல் கட்டளை போட்டார். அதே பிழை. நகல் கட்டளை. அதே பிழை. எந்தக் கட்டளை போட்டாலும் அதே ஒரு வரி. புரிந்துவிட்டது. இந்த மெஷினில் லைப்ரரி இருப்பது ஒரு உள் அறை. அதை எடுத்துக் கொடுக்கிற லோடர் என்கிற வாசல்காரன் இருப்பது வேறு இடம். வாசல்காரன் புதியவனாகிவிட்டான், புது லைப்ரரியோ வேறொரு அறையில் போய் இறங்கிவிட்டது, உள்ளே இருப்பது பழசு. அவனுக்கு அதைத் தெரியாது, அதற்கு அவனைத் தெரியாது. ஏற்கெனவே திரையில் திறந்திருக்கிற, கட்டளை தட்டுகிற இந்த ஒரு ஜன்னல்தான் உயிரோடு இருக்கிறது. அதற்கும் கை கால் இல்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லுகிற எக்கோ கட்டளை ஒன்று ஜன்னலுக்கு உள்ளேயே இருப்பது, அதைத் தட்டினார். ‘இருக்கியா’ என்றார். இருக்கியா என்றது. முருகா, முருகா என்று வாய் முணுமுணுத்தது.

இன்டர்காம் அடித்தது. கனகா. “சார், ரிப்போர்ட் பிரிண்ட் வரல. வாசல்ல ஆளு நிக்காங்க. ஒரு அம்மா குடலிறக்க ஆபரேஷனுக்குப் போகணுமாம், ரிப்போர்ட் இல்லாம தியேட்டர்ல எடுக்க மாட்டாங்களாம்.” பார்க்கிறேன் என்று வைத்தார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. மெஷினை அணைத்து வெளியிலிருந்து எழுப்பலாம், சாயங்காலம் ஆகிவிடும், ஆனால் எழும்பும். அது பிரச்சினை இல்லை. நின்றுவிட்டது. நிற்காது என்று சொன்னது நின்றுவிட்டது. எப்படி? யார்? நான் அழித்த பிறகும் அவள் ஏதாவது செய்துவிட்டுப் போனாளோ என்று மனசு வெட்கமில்லாமல் மறுபடி அங்கேதான் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து ஜெசிந்தா வந்தாள், தோளில் கைப்பையோடு. திரையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கைப்பையைக் கழற்றி அவர் பக்கம் மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஜன்னல மூடிராதீய அண்ணாச்சி. பயப்படாதீய, ஒண்ணும் ஆகாது. நேத்தே ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், ஜெசின்னு பேரு. அதுக்கு எந்த லைப்ரரியும் வேண்டாம், எல்லாம் அது வயித்துக்குள்ளயே இருக்கு. இப்படி ஏதாவது ஆனா அத வச்சுப் பழச எடுத்துத் திரும்பப் போட்டுக்கிடலாம். ரெண்டு நிமிசம்.”

“சொல்லலியே நீங்க” என்றார் மாசானம்.

“டாக்டர் முன்னால சொன்னா உங்கள நம்பாத மாதிரில்லா இருக்கும்? தனியாச் சொல்ல வந்தேன், நீங்க முகங்குடுத்துப் பேசல. தேவப்படாமலே போயிட்டா சொல்லவே வேண்டாம்னு விட்டுட்டேன்.” அவள் தட்டினாள். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினாள். இல்லை. “வச்சேனே,” என்றாள். “ஓடிக்கிட்டுல்லா இருந்துச்சு.” எழுந்து கண்ணாடி வழியாகத் தன் மேசைத் திரையை எட்டிப் பார்த்தாள். நின்றபடியே அவள் முகம் வெளுத்ததை மாசானம் பார்த்தார். பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். “அண்ணாச்சி, நம்ம மெஷினுக்குள்ள வேற யாரோ வந்திருக்காங்க. அந்த நிவேதன் பயலுக்குப் பாஸ்வேர்ட் குடுத்தீயளா?”

ஒருதரம் கொடுத்திருந்தார். முந்தாநாள், அவசரத்துக்கு. இன்டர்காம் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அதில் டாக்டர் அறைக்கான விளக்கு எரிந்தது. ஜெசிந்தா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, “நிவேதன் மேலதான் சந்தேகம்னு சொல்லிரட்டா? அவன்தான், வேற யாரு? நீங்களும் நானும் தவிர யாருமில்லயே” என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அடையாள அட்டை தொங்கப் போட்டுக்கொண்டு வந்த பயல், எவனோ ஒருத்தன், இன்னொரு ஊரில் இன்னொரு கருவி விற்பான். சாவி இங்கேயே இருக்கும். மெஷின் இங்கேயே இருக்கும். இவள் தானாகவே சொல்லுகிறாளே, நானா சொன்னேன்? தலை ஆடுவதற்குக் கிளம்பிவிட்டது. ஆனால் அவள் அவரை ஒரு துளி சந்தேகம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும் நானும் என்று சொல்லிவிட்டு, அவரை அப்படியே தாண்டிப் போய் வேறு ஆளைத் தேடினாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

“நாந்தான் அழிச்சேன்.”

“எதை?”

“ஜெசிய. நாந்தான் நிறுத்தி, நாந்தான் அழிச்சேன்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

எதுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தார். காலையிலிருந்து கோவையாக ஓடிக்கொண்டிருந்தது எல்லாம், பச்சைச் செருப்பு, தக்காளிச் சோறு, மின்வாரியம், ஒன்றுகூடச் சொல்லுகிற மாதிரி இல்லை. “நீங்க என்னமோ…” என்றார். இன்டர்காம் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா அதிலிருந்து கையை எடுத்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு, அவர் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் கிடந்த தன் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.